கத்தி ஓய்ந்த பிறகு: ஏடிஹெச்டி உள்ள குழந்தையை அமைதிக்குக் கொண்டுவர ஒரு முழுமையான வழிகாட்டி

மாலை ஐந்தரை மணி. கணக்கு நோட்டில் ஒரு கழித்தல் தப்பாகப் போய்விட்டது. பையன் ரப்பரால் அழித்தான், திரும்ப அழித்தான், தாள் கிழிந்தது. அவ்வளவுதான். நோட்டு சுவரில் மோதியது, ஜியோமெட்ரி பாக்ஸ் பறந்தது, காம்பஸ் உருண்டு ஃபிரிட்ஜுக்கு அடியில் போனது. "எனக்கு ஒண்ணுமே வராது, யாருக்கும் என்னைப் பிடிக்காது" என்று வீடே அதிரக் கத்தினான். அக்கா வரைந்து வைத்திருந்த படம் இரண்டாகக் கிழிந்தது. இருபது நிமிடம் கழித்துச் சத்தம் நின்றபோது அவன் கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடந்தான்.

என் பையனுக்கு ஒன்பது வயது. ஏழு வயதில் ஏடிஹெச்டி என்று சொன்னார்கள், அதாவது கவனம் நிலைக்காமல் துறுதுறுப்பும் அவசரமும் அதிகமாக இருக்கும் நிலை. நான் மருத்துவர் இல்லை. இந்த இரண்டு வருடத்தில் மருத்துவரிடமும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடமும் (அன்றாட வேலைகளுக்குக் குழந்தையைப் பழக்கும் பயிற்சியாளர்) கேட்டு, வீட்டில் செய்து பார்த்து, எது எங்களுக்கு உதவியதோ அதை எழுதுகிறேன்.

சத்தம் நின்ற பிறகு வரும் அந்த அரை மணி, ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசப்போகிறேன். நான் ரொம்ப நாள் செய்த தப்பு அங்கேதான் இருந்தது. கத்தல் நின்றதும், 'சரி, அடங்கிவிட்டான், இப்போது சொன்னால் கேட்பான்' என்று புத்தி சொல்ல உட்கார்ந்துவிடுவேன். இரண்டே நிமிடத்தில் திரும்ப வெடிப்பான், முதல் தடவையைவிட மோசமாக. வாய் ஓய்ந்தாலும் உடம்பு ஓயவில்லை என்பது எனக்குத் தெரியவில்லை.

அடமும் வெடிப்பும்

இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். அடம் பிடிக்கும் குழந்தை அழுதுகொண்டே ஓரக்கண்ணால் நம்மைப் பார்க்கும், கேட்டது கையில் வந்ததும் நிறுத்திவிடும். வெடிப்பில் அப்படி இல்லை. கேட்டதைக் கொடுத்தாலும் நிற்காது, கொடுத்த பொருளையே தூக்கி எறியும். என்ன வேண்டுமென்று குழந்தைக்கே அந்த நேரத்தில் தெரியாது. அடமாகத் தொடங்கி பாதியில் வெடிப்பாக மாறுவதும் உண்டு. சந்தேகமாக இருந்தால் வெடிப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அடம் பிடிக்கும் குழந்தையிடம் பத்து நிமிடம் பொறுமையாக இருந்தால் நஷ்டம் எதுவும் இல்லை. வெடித்துக்கொண்டிருக்கும் குழந்தையை அடம் என்று நினைத்து அடக்கப் போனால்தான் கஷ்டம்.

மருத்துவர்கள் ஏடிஹெச்டியைக் கண்டறியப் பயன்படுத்தும் பட்டியலில் 18 அறிகுறிகள் இருக்கின்றன. கவனம் சிதறுவதற்கு 9, துறுதுறுப்புக்கும் அவசரத்துக்கும் சேர்த்து 9. கோபம் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால்தான் "ஏடிஹெச்டி சரி, ஆனா இந்தக் கோபம் நீ வளர்த்த விதம்" என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போது நமக்குப் பதில் வராது. பதில் இருக்கிறது. உணர்ச்சியை அடக்க முடியாமல் தவிப்பது இந்தக் குழந்தைகளிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படும் ஒன்று. கோபம், பயம் இவற்றைக் கிளப்பும் அமிக்டலா என்ற பகுதி மூளையின் உள்ளே இருக்கிறது. 'இரு, கொஞ்சம் யோசி' என்று அதற்குக் கடிவாளம் போடுவது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளை. ஏடிஹெச்டி உள்ளவர்களுக்கு அந்தக் கடிவாளம் பிடிபட நாளாகிறது. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் பிலிப் ஷா தலைமையிலான குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், மற்றக் குழந்தைகளின் மூளைப் புறணி, அதாவது மூளையின் வெளி அடுக்கு, சுமார் ஏழரை வயதில் எட்டும் முதிர்ச்சியை இந்தக் குழந்தைகளுடையது சுமார் பத்தரை வயதில்தான் எட்டியது. மூன்று வருட இடைவெளி. முன்மூளையில்தான் இந்தத் தாமதம் அதிகமாகத் தெரிந்தது. இதைக் கேட்ட அன்றைக்கு என் பையனை முதல்முறையாக ஆறு வயதுப் பையனாக நினைத்துப் பார்த்தேன். ஆறு வயதுக் குழந்தை நோட்டைத் தூக்கி எறிந்தால் நான் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன்.

படி 1: முதலில் உங்கள் உடம்பு

உங்கள் நெஞ்சும் அந்த நேரத்தில் அடித்துக்கொண்டுதான் இருக்கும். அதோடு பக்கத்தில் போனால் குழந்தைக்குத் தெரிந்துவிடும். முகத்தை எவ்வளவு சாதாரணமாக வைத்திருந்தாலும் குரலும் கையும் காட்டிக்கொடுத்துவிடும். சமையலறைக் குழாயைத் திறந்து முழங்கை வரை தண்ணீர் காட்டுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும். ஐந்தாறு மூச்சு போதும்.

வீட்டில் இன்னொரு பெரியவர் இருந்தால் முன்கூட்டியே ஒரு வாக்கியம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் "நான் மாடிக்குப் போய்த் துணி எடுத்துட்டு வரேன்" என்றால் 'என்னால் முடியவில்லை, நீங்கள் வாருங்கள்' என்று அர்த்தம். துணி காயப்போடாத நாளிலும் நான் மாடிக்குப் போயிருக்கிறேன். என் கணவர் ஏன் என்று கேட்காமல் பையன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். தனியாக இருந்தால், குழந்தைக்கு அடிபடும் ஆபத்து இல்லை என்று பார்த்துக்கொண்டு, "அம்மா அடுப்படியில இருக்கேன், ரெண்டு நிமிஷத்துல வரேன்" என்று சொல்லிவிட்டு நகருங்கள். சொன்னபடி இரண்டு நிமிடத்தில் வந்துவிடுங்கள்.

கை நீட்டிவிட்டீர்கள் என்றால், அதற்கும் ஒரு வழி உண்டு. "அம்மா அடிச்சது தப்பு" என்று ஒரே வரியில் சொல்லுங்கள். 'நீ அப்படிச் செய்ததால்தான்' என்று பின்னால் சேர்க்காதீர்கள்.

படி 2: கூட்டத்தைக் குறையுங்கள்

டிவியை நிறுத்துங்கள். டியூப்லைட்டை அணைத்துவிட்டுச் சின்ன விளக்கைப் போடுங்கள். கத்தரிக்கோல், காம்பஸ், அரிவாள்மனை, சூடான இஸ்திரிப் பெட்டி எதுவும் கைக்கு எட்டக் கூடாது. பால்கனிக் கதவும் மாடிக் கதவும் மூடியிருக்கட்டும்.

அப்புறம், ஆட்கள். கூட்டுக் குடும்பத்தில் இதுதான் ஆகக் கஷ்டம். ஒருவர் "ரெண்டு போடு, சரியாயிடும்" என்பார், ஒருவர் "பாவம், விடு" என்பார், பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் எட்டிப் பார்ப்பார். வேடிக்கை பார்க்க ஒரு கண் இருந்தாலும் குழந்தைக்கு அவமானம் கூடும். என் மாமியாரிடம் நான் அந்த நேரத்தில் வாதாடுவதை விட்டுவிட்டேன். "அத்தை, நீங்க சொல்றதை ராத்திரி உட்கார்ந்து பேசலாம். இப்போ பாப்பாவைக் கூட்டிட்டு முன்ரூமுக்குப் போங்க, கொஞ்சம் பால் ஆத்தி வைங்க" என்பேன். அவருக்கும் ஒரு வேலை இருந்தது உதவியாக இருந்தது. போன மாதம் வாசலுக்கு வந்த எதிர்வீட்டு அக்காவிடம் "அவன் அடங்கட்டும், அப்புறம் வாம்மா" என்று அவரே சொன்னார்.

குழந்தை தன் தலையைச் சுவரில் மோதிக்கொண்டாலோ தெருவுக்கு ஓடப் பார்த்தாலோ மட்டும் பிடித்து நிறுத்துங்கள். உட்கார்ந்தபடி, முதுகுப் பக்கமிருந்து, கைகளைச் சுற்றித் தளர்வாக. குப்புறப் படுக்க வைத்து அமுக்குவதும், முதுகிலோ நெஞ்சிலோ பாரம் போடுவதும் கூடவே கூடாது. மூச்சு நின்றுபோகும் ஆபத்து உண்டு. திமிறல் குறைந்த உடனே விட்டுவிடுங்கள்.

படி 3: பேச்சை நிறுத்திப் பக்கத்தில் இருங்கள்

குழந்தைக்கு எதிரே நிற்காதீர்கள். தரையில், அதைவிடத் தாழ்வாக, கொஞ்சம் பக்கவாட்டில் உட்காருங்கள். கண்ணைப் பார்க்கச் சொல்ல வேண்டாம். "ஏன் இப்படிப் பண்ணினே?" என்ற கேள்வியை அந்த ஒரு மணி நேரத்துக்கு மறந்துவிடுங்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய முன்மூளை இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. "அழாதே", "ஆம்பளப் பிள்ளை அழலாமா", "தங்கச்சி பாரு எவ்வளவு சமத்து" எதுவும் வேண்டாம். "அம்மா இங்கதான் இருக்கேன்" போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, தாழ்ந்த குரலில்.

உணர்ச்சிக்குப் பெயர் சொல்லிக்கொடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். சில குழந்தைகளுக்கு அது நன்றாக வேலை செய்யும். என் பையனிடம் "கோபமா இருக்கியா?" என்றால் "இல்லவே இல்ல" என்று இன்னும் சத்தமாகக் கத்துவான். அவனிடம் நடந்ததை மட்டும் சொன்னால் எடுபடுகிறது. "தாள் கிழிஞ்சு போச்சு. ரொம்ப நேரம் எழுதின கணக்கு." அதற்கு மேல் எதுவும் சேர்ப்பதில்லை.

அன்றைக்கு நான் கட்டிலில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தேன். கையில் பீன்ஸ் கூடை இருந்தது. நார் உரித்து ஒவ்வொன்றாகத் தட்டில் போட்டேன். அவன் இருக்கும் பக்கம் திரும்பவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து விசும்பல் வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கால் மெல்ல வெளியே வந்து என் தொடையைத் தொட்டது. நான் உரிப்பதை நிறுத்தவில்லை. அந்தக் காலின் மேல் கையை மட்டும் வைத்தேன். கால் இழுத்துக்கொள்ளவில்லை. கை சும்மா இருந்தால் நமக்கு வாய் ஓயாது, அதனால் பக்கத்தில் உட்காரும்போது பூ கட்டுவதோ துணி மடிப்பதோ ஏதாவது ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடுவது எல்லாக் குழந்தைக்கும் ஆகாது. சில குழந்தைகளுக்கு லேசாகத் தடவினால் எரிச்சல் ஏறும், இறுக்கிப் பிடித்தால் இறங்கும். சிலருக்கு இரண்டுமே வேண்டாம். குழந்தை தானாக வந்து தொடும்வரை காத்திருப்பதுதான் நல்லது.

படி 4: உடம்பு வழியாக இறக்குங்கள்

சொல்லிப் புரியவைக்க முடியாத நேரத்தில் உடம்பு மட்டும் கேட்கும். இதைத் தெரபிஸ்ட் சொன்னபோது எனக்கு முழுதாகப் புரியவில்லை, செய்து பார்த்தபோது புரிந்தது.

"பெரிய மூச்சு விடு" என்று சொன்னால் கோபத்தில் இருக்கும் குழந்தை விடாது. ஊத வேண்டிய ஒன்றைக் கையில் கொடுங்கள். வெதுவெதுப்பான பாலை டம்ளரில் ஊற்றி "ஆறிடுச்சான்னு ஊதிப் பாரு" என்றால் ஊதும். சோப்புக் குமிழி, பழைய புல்லாங்குழல், காகிதக் காற்றாடி எதுவும் சரி. நீளமாக ஊதும்போது மூச்சு நீண்டு வெளியேறுகிறது, இதயத் துடிப்பு குறைகிறது. ஸ்ட்ரா போட்டு எலுமிச்சை ஜூஸ் உறிஞ்சுவதும் சில குழந்தைகளுக்கு உதவும். குளிர்ந்த தண்ணீர் முகத்தில் பட்டாலும் துடிப்பு மெதுவாகும். ஈரத் துண்டை மடித்துப் பக்கத்தில் வையுங்கள், தானாக எடுத்தால் எடுக்கட்டும். முகத்தில் தண்ணீர் அடிப்பது தண்டனை மாதிரி ஆகிவிடும்.

கனமான வேலை அடுத்தது. சுவரை இரண்டு கையாலும் தள்ளுவது, அரிசிப் பையை ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குத் தூக்கிக்கொண்டு போவது, சப்பாத்தி மாவைப் பிசைவது. என் பையனுக்கு மாவுதான். முதலில் குத்துவான், பிய்ப்பான், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக உருட்ட ஆரம்பிப்பான். உருட்ட ஆரம்பித்துவிட்டால் பாதி இறங்கிவிட்டது என்று எனக்குத் தெரியும். அந்த மாவில் அன்றிரவு சப்பாத்தி போட்டு அவனுக்கே முதலில் வைப்பேன்.

ஆட்டமும் அழுத்தமும் கூட உதவும். வீட்டில் ஊஞ்சல் இருந்தால் நல்லது. இல்லையென்றால், கைக்குழந்தையாக இருந்தபோது தூளி கட்டிய கொக்கி இன்னும் இருக்கிறதா பாருங்கள். இப்போதைய எடையைக் கொக்கி தாங்குமா என்று ஆள் வைத்துப் பார்த்துவிட்டுப் பழைய பருத்திப் புடவையை இரட்டையாகக் கட்டுங்கள். மெதுவாக, ஒரே தாளத்தில் ஆட்டுங்கள். கனமான ஜமுக்காளத்தைச் சுற்றிக்கொண்டு உட்காருவது சில குழந்தைகளுக்குப் பிடிக்கும். முகத்தை மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பசியும் இருக்கும். கடித்து மெல்லக்கூடிய முறுக்கு, கேரட், வறுத்த கடலை எதையாவது ஒரு கிண்ணத்தில் போட்டுப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். 'அழுதால் முறுக்கு கிடைக்கும் என்று கற்றுக்கொள்ளாதா?' என்று என் அக்கா கேட்டாள். முறுக்கை அழுகைக்கு விலையாக நீட்டினால் கற்றுக்கொள்ளும். தினமும் அந்த நேரத்துக்கு இருக்கும் தீனியாக இருந்தால் அந்தப் பயம் வேண்டாம்.

செல்போனை மட்டும் கொடுக்காதீர்கள். சட்டென்று அமைதியாகும், உண்மைதான். திரும்ப வாங்கும்போது இன்னொரு வெடிப்பு காத்திருக்கும்.

இதெல்லாம் வெடிக்கும் நேரத்தில் புதிதாகக் கற்றுக்கொடுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை சந்தோஷமாக இருக்கும்போது விளையாட்டாகச் செய்து பழக்கி வைக்க வேண்டும்.

படி 5: வெட்கம் வரும், அதைத் தாங்குங்கள்

உடம்பு இறங்கியதும் குழந்தை சுற்றிப் பார்க்கும். கிழிந்த நோட்டு, அக்காவின் படம், சிதறிய பென்சில்கள். அப்போது வரும் அழுகை வேறு மாதிரி இருக்கும், சத்தமே இருக்காது. என் பையன் அன்றைக்குக் கேட்டான்: "நான் கெட்ட பையனாம்மா?"

பள்ளியில், டியூஷனில், கல்யாண வீட்டில் என்று நாள் முழுக்கத் திட்டு வாங்கிய குழந்தை இந்தக் கேள்விக்குத் தானே ஒரு பதிலை முடிவு செய்து வைத்திருக்கும். நாம் அந்த நேரத்தில் சொல்வது மனதில் தங்கிவிடும். "கெட்ட பையன் இல்லடா. கோபம் உன்னைவிடப் பெரிசா வந்துடுச்சு. அது சின்னதாகறதுக்கு நாம சேர்ந்து பழகலாம்" என்றேன். 'சாரி சொல்லு' என்று அந்த நேரத்தில் பிடிவாதம் பிடிக்காதீர்கள். வாயிலிருந்து வரும், மனதிலிருந்து வராது.

குழந்தை தூங்கிப்போனால் விட்டுவிடுங்கள். வீட்டுப்பாடம் அன்றைக்கு முடியாது. ஆசிரியருக்கு நோட்டில் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்.

படி 6: பேச்சு, ஆனால் மறுநாள்

குழந்தை சிரித்துப் பேசும் நேரமாகப் பார்த்து, ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாமல் பேசுங்கள். எதிரெதிரே உட்கார்ந்தால் விசாரணை மாதிரி இருக்கும். வண்டியில் போகும்போது, செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது பேசலாம். "கத்தறதுக்கு முன்னாடி உடம்புல எங்க தெரிஞ்சுது?" என்று கேளுங்கள். என் பையன் "காது சுட்டுச்சு" என்றான். அது எனக்குப் பெரிய தகவல். இப்போதெல்லாம் காது சிவக்கும்போதே நோட்டை மூடச் சொல்லிவிடுகிறேன். எல்லா நாளும் பலிப்பதில்லை, வாரத்தில் இரண்டு மூன்று தடவை பலிக்கிறது.

எறிந்தது, கிழித்தது எதையும் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லவில்லை. செய்ததைச் சரிசெய்யும் வேலை குழந்தைக்கு உண்டு. பென்சில்களைப் பொறுக்கி அடுக்கட்டும், நோட்டுக்கு டேப் ஒட்டட்டும், நீங்களும் கூட உட்காருங்கள். பத்து நாள் விளையாடக் கூடாது என்பது போன்ற நீண்ட தண்டனைகள் இந்தக் குழந்தைகளிடம் வேலை செய்வதில்லை. நாளைக்கு நடக்கப்போவது அவர்களுக்கு ரொம்பத் தூரம்.

ஏன் அந்த நேரத்தில்?

ஒரு சின்ன நோட்டில் தேதி, மணி, அதற்கு முன் என்ன நடந்தது, கடைசியாக எப்போது சாப்பிட்டான், எத்தனை மணி நேரம் தூங்கினான், எவ்வளவு நேரத்தில் அடங்கினான் என்று எழுதுங்கள். மூன்று வாரம் எழுதியபோது எங்கள் வீட்டு வெடிப்புகளில் பெரும்பாலானவை மாலை ஐந்துக்கும் ஆறரைக்கும் நடுவில் என்று தெரிந்தது. டிபன் பாக்ஸ் பாதிக்கு மேல் திரும்பி வந்த நாட்கள் அவை.

மருந்து எடுக்கும் குழந்தைகளுக்கு இதில் ஒரு காரணம் இருக்கலாம். ஏடிஹெச்டிக்குப் பரவலாகக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்து பசியைக் குறைக்கும், அதனால் மதியச் சாப்பாடு இறங்காது. மருந்தின் வேகம் குறையும் மாலையில் சில குழந்தைகளுக்கு எரிச்சல் முன்பைவிட அதிகமாகத் தெரியும். பசியும் அதுவும் வீட்டுப்பாடமும் ஒரே நேரத்தில் வந்து விழுகின்றன. நோட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். நாங்கள் காலையில் மருந்துக்கு முன்பே இட்லியோ முட்டையோ வயிறாரக் கொடுக்கிறோம், பள்ளியிலிருந்து வந்ததும் தயிர்சாதம், அதற்குப் பிறகு அரை மணி நேரம் சைக்கிள், வீட்டுப்பாடம் ஆறரைக்கு மேல்தான். வெடிப்புகள் நிற்கவில்லை. வாரத்துக்கு ஐந்து இருந்தது இரண்டாகியிருக்கிறது.

வெளியிடத்திலும் பள்ளியிலும்

பஸ் ஸ்டாண்டிலோ கல்யாண மண்டபத்திலோ நடந்தால் முதல் வேலை இடம் மாறுவது. மண்டபத்துக்குள் நுழைந்ததும் வண்டி நிறுத்துமிடம், பின்பக்கத் திண்ணை என்று ஆளில்லாத ஒரு மூலையை நான் பார்த்து வைத்துக்கொள்கிறேன். வேடிக்கை பார்ப்பவர்களுக்கு விளக்கம் சொல்ல நின்றால் குழந்தையைக் கவனிக்க முடியாது. "சரியாயிடும், கொஞ்சம் வழி விடுங்க" போதும்.

பள்ளியில் வகுப்பு ஆசிரியரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: என்ன செய்தால் ஏறும், என்ன செய்தால் இறங்கும், ஐந்து நிமிடம் போய் உட்கார எந்த இடம். அடிப்பதும் அவமானப்படுத்துவதும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் தடை செய்யப்பட்டவை. இதை முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டியதில்லை, தெரிந்து வைத்திருங்கள்.

எப்போது உதவி கேட்க வேண்டும்

தன்னையோ மற்றவரையோ காயப்படுத்தும் அளவுக்குப் போனாலும், ஒரு மணி நேரம் தாண்டியும் அடங்காவிட்டாலும், இரண்டு வெடிப்புக்கு நடுவிலும் நாள் முழுக்க எரிச்சலாகவே இருந்தாலும், "செத்துப் போறேன்" என்று சொன்னாலும் காத்திருக்காதீர்கள். செத்துப் போகிறேன் என்பதைச் சும்மா சொல்கிறான் என்று விட வேண்டாம். குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும், டி.இ.ஐ.சி. என்று சொல்லும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்திலும் கட்டணமில்லாமல் பார்க்கிறார்கள். ராத்திரி நேரத்தில் யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால், 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். நான் ஒரு தடவை பையனுக்காக இல்லாமல் எனக்காகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறேன்.

கடைசியாக, அக்கா

அடங்கிய குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டித் தூங்க வைத்த பிறகு, இன்னொரு குழந்தை முன்ரூமில் உட்கார்ந்திருக்கும். படம் கிழிந்த குழந்தை. "அவனுக்கு முடியலம்மா, நீதான் விட்டுக்கொடுக்கணும்" என்று நான் பல நாள் சொல்லி முடித்திருக்கிறேன். ஒரு நாள் அவள், "எனக்கும் முடியலம்மா" என்றாள்.

இப்போது அவளுக்கென்று பத்து நிமிடம் வைத்திருக்கிறேன். அவளுடைய படங்களுக்குப் பீரோவின் மேல் தட்டில் பூட்டு உள்ள ஒரு பெட்டி, சாவி அவளிடம். அந்தப் பத்து நிமிடத்தில் தம்பியைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் பேசலாம், அவன் மேல் கோபப்படலாம், நான் அவனுக்குப் பரிந்து பேச மாட்டேன். பெரும்பாலும் அவள் பேசுவதில்லை. தலையைப் பின்னச் சொல்லி முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறாள்.